ஒரு வினைச்சொல்லும் மூன்று பெட்டி சூப்பும்

மனிதர்களில் வேர்தோண்டி என்றோர் இனம் உண்டு. மண்வெட்டியோடு தோட்டத்தில் இறங்குகிறவரைச் சொல்லவில்லை. அவர் தோண்டினால் நாலு உருளைக்கிழங்காவது மிஞ்சும். இவர் தோண்டுவது உங்கள் வாயில். ஏதோ ஒரு கஷ்டத்தைச் சொல்ல வாயைத் திறக்கிறீர்கள், வாக்கியம் இன்னும் பாதி வழியில்தான் இருக்கிறது, எதிரே ஒரு ஜோடிக் கண் மின்னுகிறது, ஓர் ஆள்காட்டி விரல் மெல்ல மேலே எழும்புகிறது, "சுவாரசியமான விஷயம் என்னன்னா..." என்று ஒரு குரல் தொடங்குகிறது. முடிந்தது. உங்கள் கஷ்டம் இனி அநாதை. நீங்கள் உச்சரித்த சொல் எந்தக் காட்டில் பிறந்தது, எந்தப் படகில் ஏறிக் கடல் கடந்தது, வழியில் யார் யாரோடு குடித்தனம் நடத்தியது, எத்தனை அர்த்தங்களைப் பெற்றுப் போட்டது என்பதெல்லாம் வரிசையாக வரும். வராதது ஒன்றே ஒன்றுதான். நீங்கள் சொல்ல வந்தது.

இந்த இனத்தில் இரண்டு பிரிவு. பெயர்ச்சொல் தோண்டுகிறவர் சாது. மேசை என்ற சொல்லைப் பற்றி அவர் அரைமணி நேரம் பேசினாலும் மேசை நின்ற இடத்திலேயே நிற்கும், யாருக்கும் சேதமில்லை. வினைச்சொல் தோண்டுகிறவர்தான் ஆபத்து. வினை என்றால் யாரோ எதையோ செய்துகொண்டிருக்கிறார்கள், அல்லது யாருக்கோ ஏதோ நடந்துகொண்டிருக்கிறது. நடுவே புகுந்து இவர் விளக்கி முடிப்பதற்குள், செய்கிறவர் கை ஓய்ந்துவிடும். நடப்பதோ நடந்தே முடிந்துவிடும்.

வட இங்கிலாந்தின் ஸ்லாக்லி ஊருக்கு வாய்த்தவர் இந்த இரண்டாம் பிரிவு. பெயர் நைஜல் ஓல்ட்ராய்ட். யார்க்‌ஷயர் மலைகளின் இடுக்கில், மழையும் ஆலைப்புகையும் சேர்ந்து கறுப்பாக்கிய கல்வீடுகளுக்கு நடுவே பிறந்து, அதே பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் லத்தீன் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பா ஆலையில் கம்பளி மூட்டை சுமந்தவர். அந்தக் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் கால் நைஜலுடையதுதான். அது பெரிய விஷயம். யார் இல்லை என்றார்கள்? மூட்டை சுமந்த முதுகு ஒரு பிள்ளையைப் படிக்க அனுப்புகிறதென்றால், அந்தப் படிப்புக்கு எழுந்து நின்று மரியாதை செய்ய வேண்டியதுதான். ஆனால் அந்த முதுகு எதற்காக அனுப்பியது? நாலு பேருக்கு நாலு விஷயத்தைப் புரியவைப்பான் என்றா, நாலு பேர் பேசும் இடத்தில் நடுவே விரலைத் தூக்குவான் என்றா?

விரலைத்தான் தூக்கினார்.

தங்கை மகளின் திருமண விருந்தில் வாழ்த்துச் சொல்ல எழுந்து, மணம் முடிப்பதற்கான 'வெட்' என்ற பழைய ஆங்கில வினைக்கு ஆதியில் பணயம் வைப்பது, பந்தயம் கட்டுவது என்றுதான் பொருள் என்று விளக்கியவர் அவர். மாப்பிள்ளை வீட்டார் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, விளக்கம் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, குதிரைப் பந்தயத்திலிருந்து ஓர் உதாரணம் வேறு கொடுத்தார். இன்னொரு நாள், மெதடிஸ்ட் தேவாலயக் கூடத்தில் தேநீர்ப் பொறுப்பைப் பார்க்கும் தெல்மா கண் கலங்க நின்றாள்.

"தம்பிய ஆஸ்பத்திரில சேர்த்திருக்கு வாத்தியாரே. ரெண்டு நாளா ஒரே ஒர்ரியா, கவலையா இருக்கு."

"சுவாரசியமான விஷயம் என்னன்னா தெல்மா, ஒர்ரிங்கிற வினைக்கு மூல அர்த்தம் கழுத்தை நெரிக்கிறது. இன்னைக்கும் நாய் ஆட்டை ஒர்ரி பண்ணுதுன்னு சொல்றோமே, அது அந்த அர்த்தத்தோட மிச்சம்."

தெல்மா அவருடைய கழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். "அந்தப் பழைய அர்த்தம் இன்னும் நல்லா வேலை செய்யும்னு தோணுது வாத்தியாரே" என்று சொல்லிவிட்டுக் கெட்டிலை வைக்கப் போனாள்.

தம்பிக்கு என்ன உடம்பு என்று நைஜல் கேட்கவில்லை. தம்பி பெயர்ச்சொல்.

ஃப்ளீஸ் மதுக்கூடத்தில் இவருக்காக ஒரு தனி இலக்கணமே உருவாகியிருந்தது. கதவைத் தள்ளிக்கொண்டு இவர் உள்ளே வந்தால், அதுவரை சளசளவென்று பேசிக்கொண்டிருந்தவர்கள் சட்டென்று வினைச்சொற்களை விழுங்கிவிடுவார்கள். "ரெண்டு பீர்." "இந்தா." "மழை." "ஆமா." "நேத்தும்." "நாளைக்கும்." யார்க்‌ஷயர்காரர்கள் பிறவியிலேயே பேச்சில் கஞ்சர்கள் என்று தென்பகுதி ஆட்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மற்ற ஊர்களைப் பற்றித் தெரியாது. ஸ்லாக்லியில் காரணம் ஓல்ட்ராய்ட்.

இதெல்லாம் நைஜலின் மனத்தைப் புண்படுத்தியதா என்றால், இல்லை. அவர் கண்ணில் அவர் ஒரு கொடையாளி. ஊரார் சொற்களைச் செருப்பைப் போலப் போட்டுத் தேய்க்கிறார்கள். தாம் ஒருவர்தான் அவற்றைக் கழுவித் துடைத்து எடுத்து வைக்கிறோம் என்பது அவருடைய எண்ணம். மாதம் ஒரு புதன்கிழமை, மெதடிஸ்ட் கூடத்தில் 'ஒரு சொல்லும் ஒரு கோப்பைத் தேநீரும்' என்ற தலைப்பில் பேசுவார். ஊரார் வருவார்கள். தெல்மா சுடும் இஞ்சிக் கேக்குக்காக வருகிறார்கள் என்பது அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

அந்த ஜனவரியில் அவருக்கு ஒரு சங்கடம். புதன்கிழமை நெருங்கிக்கொண்டிருந்தது, சொல் அகப்படவில்லை. நல்ல வினைகளையெல்லாம் ஏற்கெனவே தோண்டித் தீர்த்துவிட்டார்.

அதே ஜனவரியில் வில்ஃப் சக்டனுக்கு வேறொரு சங்கடம். பாய்லர் நின்றுவிட்டது.

வில்ஃப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச்சேர்ந்த பிறகு, வீட்டுவசதிச் சங்கத்துக்குச் சொந்தமான மாடிக் குடியிருப்பில் தனியாக இருந்தார், கீழ்வீட்டில்தான் தெல்மா. பேருந்துகள் வளைந்து திரும்பும் முக்குக்கு நேர் எதிரே அவருடைய சன்னல். காலையில் தேநீர்க் கோப்பையோடு அங்கே உட்கார்ந்தாரென்றால், திரும்பும் ஒவ்வொரு வண்டியையும் பார்த்து, "ஸ்டியரிங்க ஒடிடா, ஒடிடா... அட கழுதை, இது என்ன தொட்டிலா, ஆட்டிக்கிட்டே திருப்பற?" என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து திட்டுவார். ஒரு நாளைக்கு அவருக்கு வேண்டிய சந்தோஷமெல்லாம் அதிலேயே கிடைத்துவிடும். வேறு எதையும் அவர் உலகத்திடம் கேட்டதில்லை.

இப்போது, 'ஸ்டார்வ்' என்ற ஆங்கில வினையை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். பட்டினி கிடப்பது, பசியில் வாடுவது. இங்கிலாந்து முழுக்க அதுதான் அர்த்தம். ஸ்லாக்லியில் மட்டும், அதைச் சுற்றியுள்ள வடக்குப் பள்ளத்தாக்குகளில் மட்டும், பழைய ஆட்கள் அதைக் குளிருக்குச் சொல்வார்கள். குளிரில் விறைத்துப்போனால் 'ஸ்டார்வ் ஆகிவிட்டேன்' என்பார்கள். அப்பா சொன்னார், அவருடைய அப்பா சொன்னார். வெளியே அந்தச் சொல்லுக்கு வேறு உத்தியோகம் இருக்கிறது என்பது பேசும்போது அவர்கள் நினைவுக்கே வராது. நேராகக் 'குளிருகிறது' என்று சொல்லலாமே என்கிறீர்களா? அதைத் தென்பகுதிக்காரர்கள் சொல்வார்கள். குழந்தைகளும் சொல்லும். முப்பது பேரை ஏற்றிக்கொண்டு பனிமலையில் பேருந்து ஓட்டிய ஆண்பிள்ளை சொல்லமாட்டான்.

சங்கத்தில் பாய்லர் பழுதுக்கு ஓர் எண், குடியிருப்பவர் நலத்துக்கு வேறோர் எண். முதல் எண்ணில் வில்ஃப் புகார் செய்தார். உதிரிபாகம் வந்துகொண்டிருக்கிறது என்றார்கள். வந்துகொண்டே இருந்தது. பொறுத்துப் பார்த்துவிட்டு இரண்டாம் எண்ணைக் கூப்பிட்டார். எடுத்தது இமோஜென் என்ற பெண். தெற்கே சர்ரேயிலிருந்து வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, நல்ல மனசு, நகரத்து அலுவலகத்தில் இருந்தபடியே, போனிலேயே பள்ளத்தாக்கின் நலத்தையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணு, சக்டன் பேசறேன். வருஷம் பொறந்ததுலேருந்து வீட்டுக்குள்ள ஸ்டார்வ் ஆகிட்டு உக்காந்திருக்கேன்."

இந்தப் பக்கத்தில் ஆண், பெண், பால்காரன், போலீஸ்காரன் எல்லோருமே கண்ணுதான். இமோஜென் அதை ஜீரணிக்க ஒரு நொடி எடுத்துக்கொண்டாள்.

"ஐயையோ! மிஸ்டர் சக்டன், எதுவுமே சாப்பிடலையா?"

"சாப்பிடாம என்ன? இப்பத்தான் ரெண்டு கறிப் பை சாப்பிட்டேன். பட்டாணியோட."

"சாப்பிட்டுமா ஸ்டார்வ் ஆகுது?"

"சாப்பிட்டா அது எப்படிக் கண்ணு போகும்? ரெண்டு ஸ்வெட்டரு போட்டே போகலியே!"

பசிக்கு ஸ்வெட்டர் போட்டுக்கொள்ளும் மனிதரைப் பற்றி அவளுக்குக் கொடுத்த பயிற்சியில் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

மறுநாள் ஒரு பெட்டி வந்தது. தக்காளி சூப், மீன் டப்பா, பிஸ்கட். வில்ஃப் மீண்டும் கூப்பிட்டு, "பெட்டி வந்துச்சு கண்ணு, ரொம்ப நன்றி. ஆனா முன்னைக்கு இப்ப இன்னும் மோசமா ஸ்டார்வ் ஆகுது" என்றார். இன்னும் பெரிய பெட்டி வந்தது. மூன்றாவது பெட்டியும் வந்த பிறகு இமோஜென் தானே கூப்பிட்டாள். குரலில் முடிவு எடுத்துவிட்ட மென்மை.

"மிஸ்டர் சக்டன், பைன் நிழல் இல்லத்துல ஒரு சில நாள் தங்கிப் பாருங்களேன். அங்க நீங்க நிச்சயமா ஸ்டார்வ் ஆக மாட்டீங்க."

"நெசமாவா கண்ணு?"

"மூணு வேளையும் கவனிச்சுக்குவாங்க."

"ராத்திரி? ராத்திரிதான் கண்ணு ரொம்பப் படுத்துது."

"ராத்திரியும் ஏற்பாடு பண்றேன்" என்றாள் இமோஜென்.

வில்ஃப் சம்மதித்தார். இந்தச் சங்கத்திலும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டார்.

இதையெல்லாம் வெள்ளிக்கிழமை மாலை ஃப்ளீஸில், கணப்பை ஒட்டி உட்கார்ந்துகொண்டு அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது நைஜல் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். எல்லோரும் வழக்கம்போல் வினைகளை விழுங்கினார்கள். வில்ஃபுக்கு மட்டும் மனசு ஆறவில்லை, பேசிக்கொண்டே போனார்.

"மூணு பெட்டிடா டெஸ்மண்ட்! பாய்லரு கேட்டா சூப்பு அனுப்புறாங்க!"

"குடிச்சா உடம்பு சூடாகும்ல?" என்றான் கடைக்காரன் டெஸ்மண்ட். "பாய்லருக்குப் பதிலா அதுதான் போல. சிக்கன நடவடிக்கை."

"அப்ப ஒரு டேங்கர் அனுப்பச் சொல்லு. ரேடியேட்டருக்குள்ள ஊத்திக்கிறேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நைஜல் சிரிக்கவில்லை. அவருடைய காது விறைத்துக்கொண்டது.

"வில்ஃப்" என்றார், பக்கத்தில் வந்து உட்கார்ந்து. "அந்தப் பொண்ணுகிட்ட நீ சரியா என்ன சொன்னே? வார்த்தைக்கு வார்த்தை சொல்லு."

தம் கதையை வாத்தியார் இவ்வளவு அக்கறையாகக் கேட்கிறாரே என்று வில்ஃப் நெகிழ்ந்துபோனார். வார்த்தைக்கு வார்த்தை சொன்னார். பைன் நிழலில் சில நாள் தங்கவைக்கப் போகிறார்களாம், பாய்லர் சரியாகிற வரைக்கும்தான் இருக்கும் என்பதையும் சொன்னார்.

நைஜலுக்குள் மணி அடித்தது. ஒரே மணி இல்லை, தேவாலய மணிக்கூண்டே ஆடியது. ஒரு வினை, அதன் இரண்டு அர்த்தங்கள், ஒரு டெலிபோன் கம்பியின் இரு முனையில் ஒன்றை ஒன்று அடையாளம் தெரியாமல் பேசிக்கொண்டிருக்கின்றன! அகராதியில் 'வட்டார வழக்கு' என்று சின்ன எழுத்தில் ஒதுக்கிவைத்த பொருள், இதோ கால்சட்டை போட்டுக்கொண்டு, கணப்புக்குக் கையை நீட்டியபடி, கண் முன்னால் உட்கார்ந்திருக்கிறது! முழுச் சிக்கலும் அவருக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. பள்ளத்தாக்கு முழுவதிலும் அது விளங்கிய ஒரே மண்டை அதுதான். அகராதி பார்க்கும் வயதுக்கு முன்பே அவருக்கு அந்தச் சொல் தெரியும்; ஆலையிலிருந்து வந்து கணப்பின் முன் முதுகைக் காட்டி நின்ற அப்பா வாயால் தினமும் கேட்ட சொல்.

எழுந்துபோய் அந்தப் பெண்ணுக்கு ஒரு போன் செய்திருக்கலாம். 'அம்மா, அவருக்குப் பசியில்லை, குளிர்.' அவ்வளவுதான். நியாயமாகச் சொல்வதென்றால், அந்த எண்ணம் அவருக்கும் வந்தது. வந்து, உட்கார இடமில்லாமல் திரும்பிப் போய்விட்டது. ஏனென்றால் அதற்குள் இன்னொன்று வந்து காலை நீட்டி உட்கார்ந்துவிட்டது: புதன்கிழமைக்குச் சொல் கிடைத்துவிட்டது. இப்போதே திருத்திவிட்டால் உதாரணம் செத்துப்போகுமே!

"புதன்கிழமை மூணு மணிக்குக் கூடத்துக்கு வந்துடு வில்ஃப்" என்றார். "முன்வரிசை உனக்குத்தான்."

"ஹீட்டர் போடுவீங்களா?"

"போடுவோம்."

"அப்ப வரேன் கண்ணு."

நைஜல் அவருக்கு ஒரு பீர் வாங்கிக் கொடுத்தார். அரை அளவு.

வீட்டுக்கு வந்தபோது மனைவி மோரீன் சமையலறையில் ஒழுகும் குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். இவர் முகத்தைப் பார்த்ததும் ஸ்பானரைக் கீழே வைத்தாள்.

"என்ன இளிப்பு? யாராச்சும் தப்பாப் பேசினாங்களா?"

"வில்ஃப் சக்டன் கதை கேட்டியா?"

"சூப்பு கதையா? பாவம் அந்த மனுஷன், அந்த வீட்ல எப்படித்தான் இருக்காரோ. ஏன் சூப்பு அனுப்புறாங்கன்னுதான் புரியல."

"எனக்குப் புரிஞ்சுது."

"என்ன?"

"புதன்கிழமை தெரியும்."

"நைஜல், இது என்ன துப்பறியும் கதையா? சொல்லித் தொலையேன்."

"முடிச்சை முன்னாடியே அவிழ்க்கக் கூடாது மோரீன்" என்று சொல்லிவிட்டு மாடியிலிருந்த தம் படிப்பறைக்கு ஏறிப் போனார். வீட்டிலேயே கதகதப்பான அறை அது. நல்ல ஹீட்டர், தடிமனான திரை, தலையணைபோல் தடித்த அகராதிகள். சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய் என்று அங்கேயே அமர்ந்து உரையை மெருகேற்றினார். வெளியே பனி பெய்தது. அது அவருக்கு நல்ல பின்னணியாக இருந்தது.

புதன்கிழமை கூடம் நிரம்பியிருந்தது. ஹீட்டர் ஓடியது, இஞ்சிக் கேக் சுற்றி வந்தது. நைஜல் எழுந்தார். எடுத்த எடுப்பிலேயே விஷயத்துக்கு வருவதற்கு அவர் என்ன தெல்மாவா, டெஸ்மண்டா? ஆயிரம் ஆண்டுக்கு முன்னாலிருந்து தொடங்கினார். ஆதியில் 'ஸ்டார்வ்' என்றால் வெறுமனே சாவது. எதனால் என்ற கேள்வியே கிடையாது. ஜெர்மானியர்களும் டச்சுக்காரர்களும் அதன் அண்ணன் தம்பியை இன்றைக்கும் சாவுக்கே வைத்திருக்கிறார்கள். அதற்கும் ஆழத்தில் விறைப்பது என்ற வேர் இருக்கிறது என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். பிறகு அந்தச் சொல் மெல்ல மெல்ல இளைத்து, குளிரில் சாவது, பசியில் சாவது என்று இரண்டாகப் பிரிந்தது. தெற்கு பசியை எடுத்துக்கொண்டது, வடக்கு குளிரைப் பிடித்துக்கொண்டது. நூற்றாண்டு நூற்றாண்டாக அவர் இறங்கி வந்தார். நடுவே ஓரிரு கேக்குகள் தீர்ந்தன.

"இந்த ரெண்டு அர்த்தமும் இன்னைக்கு, இப்ப, நம்ம பள்ளத்தாக்குல நேருக்கு நேர் மோதிக்கிட்டா எப்படி இருக்கும்?" என்று கேட்டு நிறுத்தினார். விரல் கூரையைப் பார்த்து நின்றது. பிறகு வில்ஃபின் போன் பேச்சைச் சொன்னார். பை, பட்டாணி, ஸ்வெட்டர், மூன்று பெட்டி சூப். நன்றாகவே நடித்துக் காட்டினார். யாரும் சிரிக்கவில்லை. ஏன் என்று புரியாமல் முன்வரிசையைப் பார்த்தார்.

"நம்ம உதாரணத்தக் காணோமே?"

"யாரு உதாரணம்?" என்றாள் தெல்மா.

"வில்ஃப்தான்."

"வில்ஃபா? காலையிலேயே வேன்ல ஏத்திட்டுப் போயிட்டாங்களே வாத்தியாரே. பைன் நிழலுக்கு. வீட்டுச் சாவிய வாங்கி வெச்சுக்கிட்டாங்க. தன்னால சோறு தின்னக்கூட முடியாத ஆளுன்னு பேசிக்கிட்டாங்க. எனக்கு ஒண்ணுமே வெளங்கல. இப்பல்ல வெளங்குது."

பைன் நிழல் முதியோர் இல்லத்துக்குச் 'சில நாள்' என்று போனவர்கள் யாரும் சில நாளில் திரும்பியதாக ஸ்லாக்லியில் ஒருவருக்கும் நினைவில்லை. சாவி அடுத்த ஆளுக்குப் போய்விடும், சன்னலும் போய்விடும்.

மோரீன் எழுந்து நின்றாள்.

"இது உனக்கு எப்பத் தெரியும் நைஜல்?"

"வெள்ளிக்கிழமை. சுவாரசியமான விஷயம் என்னன்னா..."

"அவரு அங்க குளிர்ல உக்காந்திருக்காரு. அந்தப் பொண்ணு பசின்னு நெனச்சு சூப்பு அனுப்புது. இந்த ஊர்லயே உனக்கு ஒருத்தனுக்குத்தான் ரெண்டு பக்கமும் புரிஞ்சிருக்கு. ஒரு போன் பண்ண என்ன?"

"பண்ணியிருந்தா உதாரணம் வீணாப் போயிருக்குமே" என்றார் நைஜல். யோசிக்காமல் வந்த பதில் என்பதால் உண்மையாக இருந்தது.

கோப்பைகள் தட்டுகளில் இறங்கும் சத்தம் மட்டும் கூடம் முழுவதும் கேட்டது. மோரீன் போனை எடுத்தாள். எல்லோரும் கேட்கும்படி மேசையில் வைத்தாள்.

"இமோஜென் தானே? வில்ஃப் சக்டன் விஷயமாப் பேசறேன் கண்ணு. அவருக்குப் பசி இல்ல. குளிர்."

"ஆனா... அவரே பல தடவை சொன்னாரே, ஸ்டார்வ்..."

"எங்க ஊர்ல அதுக்குக் குளிர்னு அர்த்தம். பாய்லர் ஓடல. அவருக்கு மூளை நல்லாத்தான் இருக்கு, வாயி அதவிட நல்லா இருக்கு."

மறுமுனையிலிருந்து மெல்ல, "கடவுளே... ஸ்வெட்டர்" என்ற குரல் வந்தது.

நைஜல் போனை நோக்கிக் குனிந்தார். "ஆனா மூலத்துல பார்த்தா அதுக்குச் சாவுங்கிற..."

"உக்காரு" என்றாள் மோரீன். அது வினைச்சொல்தான்; ஆனால் அவர் அதைத் தோண்டவில்லை. உட்கார்ந்தார்.

மூன்று கார்கள் பைன் நிழலுக்குக் கிளம்பின. கூடத்தில் நைஜலும் மீதி உரையும்தான் மிஞ்சின. பைன் நிழலில் வில்ஃப் ரேடியேட்டருக்கு முதுகைக் கொடுத்து நின்றுகொண்டிருந்தார். முதுகு சந்தோஷமாக இருந்தது, முகம் இல்லை.

"என்னடா, சௌகரியமா இருக்கியா?" என்றாள் தெல்மா.

"சூடெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா சன்னல்ல பாரு. ஒரு மரம். காலையிலேருந்து பாக்கறேன், ஒரு பக்கமும் திரும்ப மாட்டேங்குது. எதத் திட்டறது?"

"கோட்டப் போடு, போகலாம்."

"வீட்டுக்கா? ஸ்டார்வ் ஆகுமே!"

"எங்க வீட்டுக்கு வா" என்றாள் மோரீன். "மாடில ஒரு ரூம் இருக்கு. நல்ல ஹீட்டரு. ரோட்டப் பாத்த சன்னலு. உள்ள கொஞ்சம் பழைய சாமான் கெடக்கு, அத எடுத்துப் போட்டுடலாம்."

மறுநாள் இமோஜென் தானே பள்ளத்தாக்குக்கு வந்தாள். சாவியைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் வில்ஃபின் வீட்டைப் பார்க்க வேண்டுமென்றாள். உள்ளே நுழைந்து "மன்னிச்சுடுங்க மிஸ்டர் சக்டன்" என்றபோது அந்த மன்னிப்பு ஆவியாக வாயிலிருந்து வெளியே வந்தது. கோட்டைக் கழற்றாமலே, நின்ற இடத்திலிருந்தே, பழுது பார்க்கும் எண்ணைக் கூப்பிட்டு, அவள் சர்ரேயில் யாரும் பேசிக் கேட்டிராத மாதிரி நாலு வார்த்தை பேசினாள். வில்ஃப் மெச்சிக்கொண்டார். வீடு அவருடையதுதான், யாரும் தொடமாட்டார்கள், பாகம் வந்து பொருத்தும்வரை ஓல்ட்ராய்ட் வீட்டில் இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

பழைய சாமான் கார் ஷெட்டுக்குப் போனது. அதாவது அகராதிகள், அவற்றோடு ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு நைஜல். ஷெட்டில் ஹீட்டர் கிடையாது. மாடியிலிருந்து, "ஒடிடா கழுதை!" என்ற குரல் நாள் முழுக்க இறங்கி வந்துகொண்டிருந்தது. மூன்றாம் நாள் மாலை நைஜல் சமையலறைக் கதவைத் திறந்து தலையை நீட்டினார். மூக்கு சிவந்து, உதடு நீலமாகி, பல் தந்தியடித்தது.

"மோரீன், எனக்கு ஸ்டார்வ் ஆகுது."

மோரீன் குழாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எந்த நூற்றாண்டு அர்த்தத்துல?" என்றாள்.

சரி, நைஜல் கிடக்கட்டும். உங்கள் விஷயத்துக்கு வருவோம். இந்த இனம் ஸ்லாக்லியோடு நின்றுவிடவில்லை. லத்தீன் தெரிய வேண்டுமென்ற கட்டாயமும் அதற்கு இல்லை. இதைப் படித்த கையோடு இன்று யாரிடமாவது இதைப் பற்றிச் சொல்லத்தான் போகிறீர்கள். என்ன சொல்வதாக உத்தேசம்? ஒரு மனிதர் பனிக்காலத்தில் சூடில்லாத வீட்டில் கிடந்தார், காரணம் தெரிந்த ஒரே ஒருவர் வாயைத் திறக்கவில்லை என்றா? அல்லது, காபியை ஆற்றியபடி, புருவத்தைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டு, "ஸ்டார்வ்ங்கிற வார்த்தைக்கு முதல்ல என்ன அர்த்தம் தெரியுமா?" என்றா? எதிரே இருப்பவர் தம் தலைவலியைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருப்பார். அவர் முடிப்பதற்குக்கூடக் காத்திருக்க மாட்டீர்கள். அந்தத் 'தெரியுமா' இப்போதே உங்கள் நாக்கு நுனியில் வந்து நிற்கிறது. பொய் சொல்லாதீர்கள்.

வில்ஃபின் பாய்லர் என்ன ஆயிற்று என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லை.